மேனேஜர் வீட்டு ஃபேன்

மின்சாரக் கம்பெனியை அரசாங்கம் கட்டுப்படுத்தலாமா என்று மாகாணம் முழுக்க ஓட்டெடுப்பு வைத்தார்கள். கரிசூர்க் கிளை மேனேஜர் ரங்கபாஷ்யம் லைன்மேன் இருளாண்டியைக் கூப்பிட்டார்.

"வீடு வீடாப் போய் விசாரி. நமக்கு எதிரா ஓட்டுப் போடுறவன் வீட்டுல உடனே கரண்டை வெட்டு. தவறினா உனக்கு வேலை இல்லை."

"யாரா இருந்தாலுமாங்க?"

"என் மாமனாரா இருந்தாலும்!"

இருளாண்டி இடுப்பில் கட்டிங் பிளேயரோடு புறப்பட்டான். அதைப் பார்த்ததும் ஊரே கம்பெனிக்கு ஜே போட்டது.

மத்தியானம் மேனேஜர் சாப்பிட உட்கார்ந்தார். தலைக்கு மேலே ஃபேன் நின்றுவிட்டது. வெளியே ஓடிவந்தால், வாசல் கம்பத்தில் இருளாண்டி.

"என்னடா இது?"

"ஊர்ல எதிர்ப்பு இந்த ஒரு வீடுதானுங்க. கம்பெனிக்கு ஒரு கடிவாளம் வேணும், அதை நடத்துறவருக்கும் வேணும்னு அம்மா சொன்னாங்க."

"ஆமாம், சொன்னேன்" என்றாள் உள்ளேயிருந்து அவர் சம்சாரம்.

தெரு கூடிவிட்டது. மேனேஜருக்கு வேர்த்து வழிந்தது.

"கனெக்‌ஷனைக் குடுடா!"

"அப்போ எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் கரண்ட் உண்டுங்களா?"

"உண்டு, உண்டு! குடுத்துத் தொலை!"

இருளாண்டி கம்பியை முறுக்கிவிட்டுத் தெருவைப் பார்த்துக் கத்தினான்: "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?"

கேட்டுக்கொண்டார்கள். ஓட்டெடுப்பு முடிந்து பெட்டியைத் திறந்தபோது கரிசூரில் கம்பெனிக்கு விழுந்திருந்தது ஒரே ஓட்டு.