முகவரியைக் கொடுத்தது யார்?

இட்லி மாவு கம்பெனி முதலாளி மாசிலாமணிக்கு மின்னஞ்சலைத் திறந்தாலே எரிச்சல். வழுக்கைக்குத் தைலம், மலையடிவாரத்தில் மனை என்று வேண்டாத விளம்பரங்களாக வந்து குவிந்தன.

கணினி வேலை பார்க்கும் பூவிழியை அழைத்தார். "என் மெயில் ஐடியை ஊருக்கெல்லாம் கொடுத்தது யாருன்னு சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

மாலையில் பூவிழி ஒரு சீட்டோடு வந்தாள். "ஐயா, பாத்திரக்கடைக் குலுக்கல். முதல் பரிசு கிரைண்டர். மெயில் ஐடி எழுதினாப் போதுமாம்."

சுற்றிலும் கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருக்க, முதலாளி ஆவலாகப் பேனாவை எடுத்து எழுதினார். "இன்னொரு சீட்டு இருக்கா?"

"இல்லைங்க ஐயா. இதையே நான்தான் தயார் பண்ணினேன். கொடுத்தவர் யாருன்னு கண்டுபிடிச்சாச்சு."

முதலாளி தன் கையெழுத்தையே பார்த்தார். பிறகு பேனாவை அவளிடம் நீட்டினார்.

"இதை நீயே வச்சுக்கோம்மா."