பிள்ளையார் உட்காராத லேத்து

கோயமுத்தூரில் பழைய மெஷின் விற்கும் பொன்னுரங்கத்திடம் பேசி ஜெயித்தவர் யாருமில்லை. அவரிடம்தான் மாவு மில்லில் வேலைபார்க்கும் துளசிமணி, வீட்டுக் கொட்டகையில் போட இரும்பு கடையும் சின்ன லேத்து ஒன்று கேட்டு வந்தாள். பச்சைப் பெயிண்ட் பளபளக்க ஒன்று நின்றது. அவர் சொன்ன விலைக்குப் புதுசே வாங்கிவிடலாம்.

"கொஞ்சம் குறைச்சுக் குடுங்ணா."

பொன்னுரங்கம் வெள்ளைச் சட்டையை நீவிக்கொண்டார். "அத்தனையும் வார்ப்பிரும்பு, அம்மிணி! ஒரு குறை காட்டு, பழைய இரும்பு விலைக்கே எடுத்துக்க. நானே தலையில சுமந்துட்டு வந்து உன் வீட்டுல இறக்கறேன். ஆனா பெயிண்ட்டைச் சுரண்டக்கூடாது, சுத்தியலால தட்டக்கூடாது."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சாமியாவது கும்பிட்டுக்கலாமுங்களா?"

நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனுஷன் அதற்கு எப்படி மாட்டேன் என்பார்?

துளசிமணி பையிலிருந்து குட்டிப் பிள்ளையாரை எடுத்தாள். வண்டியில் ஒட்டிவைப்பார்களே, அடியில் காந்தம் வைத்தது, அதுதான். லேத்தின் தலைப்பக்கம் வைத்தாள், கப்பென்று ஒட்டிக்கொண்டார். வால்பக்கமும் ஒட்டினார். காலில், பெயிண்ட் கொஞ்சம் அதிகமாகவே மினுங்கிய இடத்தில் வைத்தாள். பொத்தென்று விழுந்தார். மறுபடி வைத்தாள், மறுபடியும் விழுந்தார்.

"காந்தம் தேஞ்சிருக்கும்" என்றார் பொன்னுரங்கம்.

அவர் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியில் வைத்தாள். ஜம்மென்று நின்றார்.

"உடைஞ்ச காலைப் பட்டி மாவு பூசி, மேல பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கீங்க. இரும்பு இருந்தாத்தானுங்களே இவர் நிப்பாரு?"

சிரித்தவர்கள் குனிந்து லேத்தின் காலைப் பார்த்தார்கள். பொன்னுரங்கம் முனகினார்: "எடை போட்டு எடுத்துட்டுப் போ."

"காலை நான் ஒட்டவெச்சுக்கறனுங்ணா. நீங்க தலையில மட்டும் சுமக்காதீங்க. வழியெல்லாம் பட்டி உதிர்ந்து வெள்ளைச் சட்டை வீணாப்போயிரும்."