முள்ளம்பன்றி கேட்ட கூலி

குழந்தைகளே, மூங்கில் அடர்ந்த மலைக்காடு ஒன்றில் ஒரு சிறுத்தை இருந்தது. அதன் குகை மிகச் சிறியது. மழைக்காலத்தில் அது உள்ளே படுத்தால் வால் வெளியே நனையும். "மழைக்கு முன் குகையைப் பெரிதாக்க வேண்டும். ஆள் பிடித்து வா" என்று அது நரியை அனுப்பியது.

நரி ஒரு காட்டுப்பன்றியையும் ஒரு முள்ளம்பன்றியையும் கூட்டி வந்தது.

"வேலை இந்தக் கோடைக்கு மட்டும்தான்" என்றது நரி. "கூலியை எப்படி வாங்குவது என்பது உங்கள் விருப்பம். தினமும் மாலையில் நாலு வள்ளிக்கிழங்கு வாங்கலாம். இல்லையென்றால், வேலை முடிந்ததும் மலைபோல ஒரு குவியலாக வாங்கிக்கொள்ளலாம்."

"எனக்குக் குவியல்!" என்று குதித்தது காட்டுப்பன்றி.

முள்ளம்பன்றியின் முதுகு முட்கள் மெல்லச் சிலிர்த்தன.

"நீயும் குவியலையே கேள், தங்கச்சி. தினம் வாங்கினால் தினமும் தின்று தீர்த்துவிடுவாய். உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்" என்றது நரி.

என் நன்மையில் இவருக்கு ஏன் இத்தனை அக்கறை என்று முள்ளம்பன்றி யோசித்தது.

"குவியல் இப்போது எங்கே இருக்கிறது, அண்ணே?"

"வரும், வரும். நேரம் வந்தால் தானே வந்து சேரும்."

இனி நேராகக் கேட்டுப் பயனில்லை என்று முள்ளம்பன்றிக்குப் புரிந்தது. அது குரலைத் தாழ்த்திக்கொண்டு பணிவாகக் கேட்டது:

"எங்களுக்கு விவரம் போதாது, அண்ணே. உங்களைப் போன்ற கெட்டிக்காரர் சிறுத்தையிடம் எப்படிக் கூலி வாங்குவார்?"

நரி மார்பை நிமிர்த்தியது. "நானா? வேலை தொடங்கும் முன்பே மான்தொடையைக் கையில் வாங்கிவிட்டேன்! சிறுத்தையை நம்பி மழை வரைக்கும் எவன் காத்திருப்பான்?"

சொன்ன பிறகுதான் நரி நாக்கைக் கடித்துக்கொண்டது.

"அப்படியானால் எனக்கு அன்றன்றைக்கே கொடுத்துவிடுங்கள்" என்றது முள்ளம்பன்றி.

பிறகு அது காட்டுப்பன்றியைத் தனியே அழைத்து, "நரி சொன்னதைக் கேட்டாயா? நீயும் மாற்றிக் கேள்" என்றது.

"பெரிய குவியல் எனக்குக் கிடைக்கப்போகிறதே என்று உனக்குப் பொறாமை" என்று உறுமியது காட்டுப்பன்றி.

இரண்டும் வேலையைத் தொடங்கின. மாலையானால் முள்ளம்பன்றி கிழங்குகளை ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்க்கும். அழுகல் இருந்தால் திருப்பிக் கொடுக்கும். ஒரு நாள், "இன்றைக்குக் கிழங்கு வரவில்லை. நாளைக்குச் சேர்த்துத் தருகிறேன்" என்றது நரி. மறுநாள் முள்ளம்பன்றி குகை வாசலில் சுருண்டு படுத்துவிட்டது. கிழங்கு வந்த பிறகே எழுந்து மண்ணைத் தொட்டது.

"இப்படி எல்லோரையும் சந்தேகப்பட்டால் உனக்குத் தூக்கம் எப்படி வருகிறது?" என்று சிரித்தது காட்டுப்பன்றி.

குகை பெரிதானது. மழையும் வந்தது. சிறுத்தை உள்ளே போய் நன்றாகக் கால் நீட்டிப் படுத்தது.

"என் குவியல் எங்கே?" என்று காட்டுப்பன்றி நரியிடம் கேட்டது.

"வேலை கொடுத்தவர் சிறுத்தை. கூலியும் அவர்தானே தரவேண்டும்? உள்ளேதான் இருக்கிறார். போய்க் கேட்டு வாங்கிக்கொள்."

காட்டுப்பன்றி குகை வாசலில் ஒரு காலை வைத்தது. இருட்டுக்குள் இரண்டு கண்கள் திறந்தன. "யாரது? இரை தானாகவே நடந்து வருகிறதா?" என்ற குரல் கேட்டதும் அது பின்வாங்கி ஓடிய ஓட்டத்தில் மூங்கில்கள் முறிந்தன.

நனைந்து, பசித்து, முள்ளம்பன்றியின் வளைக்கு முன்னால் வந்து நின்றது அது.

முள்ளம்பன்றி சில கிழங்குகளை வெளியே உருட்டிவிட்டது. "சாப்பிடு. ஆற்றங்கரையில் கரடி குழி தோண்ட ஆள் தேடுகிறாராம். நாளைக்குப் போவோமா?"

காட்டுப்பன்றி வாய் நிறையக் கிழங்கோடு நிமிர்ந்தது.

"கூலி எப்போது தருவாராம்?"

நீதி: இப்படிக் கூலி வாங்கு என்று ஒருவர் யோசனை சொன்னால், அவர் தம் கூலியை எப்படி வாங்குகிறார் என்று பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்.