நெல்லிக்காய்ச் சோதனை

காட்டை அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஓடைகள் வற்றின. மூங்கில் புதர்கள் காய்ந்து கலகலத்தன. யானைக் கூட்டம் தண்ணீர் தேடி மேற்கே புறப்பட வேண்டிய நேரம் வந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தை முன்னால் நடத்திப் போகிற யானையை வைத்தியர் பார்த்து, "சரி, போகலாம்" என்று சொல்ல வேண்டும். வைத்தியர் என்றால் வேறு யார், சடையன்தான். சடையன் ஒரு கருங்குரங்கு. பச்சிலை அறியும், எலும்பு கட்டும், முள் எடுக்கும். முயல் முதல் காட்டெருமை வரை எல்லோரும் அதைக் கைராசிக்காரர் என்பார்கள். அந்தப் பேர் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது.

சடையன் ஒரு சோதனை வைத்திருந்தது. அடிபட்டவர் முன்னால் பாறைமேல் ஒரு நெல்லிக்காயை வைக்கும். நழுவவிடாமல் எடுத்துக் காட்டினால் உடம்பு தேறிவிட்டது. எடுக்க முடியாவிட்டால் தேறவில்லை. குரங்குகள் விஷயத்தில் இந்தச் சோதனை ஒருநாளும் பொய்த்ததில்லை.

இப்போது அந்த நெல்லிக்காயின் முன்னால் மலையாத்தா நின்றது. கூட்டத்திலேயே மூத்த பெண்யானை. காட்டுப்பன்றிக்கு யாரோ வைத்த சுருக்குக் கம்பியில் மாட்டி, அதன் துதிக்கை நுனி ஒரு சாண் அளவுக்கு அறுந்துபோயிருந்தது. பிழைக்க வைத்தது சடையன்தான், அதில் சந்தேகமே இல்லை. வசம்பையும் வேப்பிலையையும் அரைத்துப் பூசி, தேக்கிலையைச் சுற்றி, மூச்சுக்கு மட்டும் வழி விட்டு, நாரால் இறுக்கிக் கட்டியிருந்தது. அந்தக் கட்டு இன்னும் அப்படியே இருந்தது.

"எடுங்க ஆத்தா, பாக்கலாம்" என்றது சடையன்.

மலையாத்தா துதிக்கையை நீட்டியது. நெல்லிக்காய் உருண்டது. மறுபடி நீட்டியது. மறுபடி உருண்டது.

"புல்லு எப்படித் தின்னுறீங்க?"

மலையாத்தா கால் நகத்தால் புல்லை உதைத்துப் பெயர்த்தது. மிச்சமிருந்த துதிக்கையை வளைத்து, புல்லைக் காலோடு அணைத்துத் தூக்கி, வாயில் போட்டுக்கொண்டது.

"தண்ணி?"

"முட்டி போட்டு வாயாலேயே குடிக்கிறேன்."

சடையனுக்கு மனசு இளகிவிட்டது. "எப்படி இருந்த ஆத்தா! சாப்பிட முடியலை, குடிக்க முடியலை. நீங்க முன்னால நடக்கிறது ஆகாது."

"சாப்பிட்டேனே வைத்தியரே, இப்பத்தானே பாத்தீங்க?"

"அது சாப்பிடுறதா ஆத்தா? கஷ்டப்படுறது."

"உங்களுக்குப் பாக்கத்தான் கஷ்டம். எனக்குப் பழகிப்போச்சு. எனக்குக் கஷ்டம் இந்தக் கட்டுதான். உலகமே வசம்பா நாறுது. எதையும் மோந்து பாக்க முடியலை. இதை அவுத்துவிடுங்களேன்."

சடையன் சிரித்தது. "வாசனையைத் தின்னா வயிறு நிறையுமா? முதல்ல இந்தக் காயை எடுங்க. எடுத்த அன்னைக்கே அவுத்துடுறேன்."

"நுனியே இல்லாம எப்படி எடுப்பேன்? புண்ணு ஆறிடுச்சு, உள்ளே வலி இல்லை."

"அதை நீங்க எப்படிச் சொல்ல முடியும்? வைத்தியர் நானா, நீங்களா?"

வைத்தியர் வாக்குக்கு மறுபேச்சு அங்கே கிடையாது. அதன் தங்கை செவந்தி முன்னால் நடக்க வேண்டும் என்று முடிவானது. செவந்தி நெல்லிக்காயை ஒரே முயற்சியில் எடுத்து, அப்படியே வைத்தியர் கையில் கொடுத்தது. சடையனுக்கு அதில் ரொம்பத் திருப்தி. காயைத் தன் பச்சிலை மூட்டையில் முடிந்துகொண்டு, செவந்தியின் முதுகில் ஏறி உட்கார்ந்தது. வழியில் யாருக்காவது முடியாமல் போனால் வைத்தியர் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

மலையாத்தா எல்லோருக்கும் பின்னால் வந்தது.

செவந்திக்குத் தெரிந்தது ஒரே ஒரு குளம். அக்காவின் பின்னால் எப்போதோ போன ஞாபகம். வெயிலில் நடந்து நடந்து அந்தக் குளத்தை அடைந்தபோது, அதில் தண்ணீர் இல்லை. சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது.

செவந்தியின் குட்டி மொட்டு அங்கேயே மடங்கி உட்கார்ந்துவிட்டது. தாய் முட்டிப் பார்த்தது. குட்டி எழுந்திருக்கவில்லை.

சடையன் குதித்து இறங்கியது. குட்டியின் வாயைத் திறந்து நாக்கைத் தொட்டது. நாக்கு மரப்பட்டை போல் உலர்ந்திருந்தது. மூட்டையைப் பிரித்தது. வேர் இருந்தது, பட்டை இருந்தது, பொடி இருந்தது. தாகத்துக்கு ஒன்றும் இல்லை.

"வைத்தியரே, என் புள்ளையைக் காப்பாத்துங்க" என்று அழுதது செவந்தி.

அப்போது பின்னாலிருந்து மலையாத்தா வந்தது. கட்டுப்போட்ட துதிக்கையைச் சடையனின் முன்னால் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றது, அவ்வளவுதான்.

சடையன் அந்தக் கட்டைப் பார்த்தது. பிறகு மலையாத்தாவின் கண்ணைப் பார்த்தது. இத்தனை நாளில் ஒருமுறைகூடக் கேட்காததை அப்போதுதான் கேட்டது.

"ஆத்தா, இதனால உங்களுக்கு எதுதான் முடியாமப் போச்சு?"

"தண்ணி எங்கே இருக்குன்னு தெரியாமப் போச்சு, வைத்தியரே."

சடையன் நாரைப் பல்லால் கடித்து அறுத்தது. தேக்கிலையை உரித்தது. உள்ளே புண் ஆறி, தழும்பு கெட்டியாக, சுத்தமாக இருந்தது. மலையாத்தா சொன்னது அத்தனையும் சரி. சடையன் காய்ந்த புல்லால் வசம்பு ஒட்டியிருந்த இடமெல்லாம் தேய்த்துத் துடைத்துவிட்டது.

மலையாத்தா நீளமாக ஒரு மூச்சு விட்டது. பிறகு நுனியில்லாத அந்தத் துதிக்கையைத் தலைக்கு மேலே தூக்கியது.

கூட்டம் அசையாமல் நின்றது. விசிறிக்கொண்டிருந்த காதுகள் எல்லாம் நின்றுவிட்டன. மலையாத்தா காற்றை மெதுவாக இழுத்தது. கொஞ்சம் திரும்பியது. இன்னும் கொஞ்சம் இழுத்தது. சடையனும் தன் சின்ன மூக்கால் இழுத்துப் பார்த்தது. அதற்குப் புழுதி மட்டும்தான் மணத்தது.

மலையாத்தா நடந்தது. வந்த வழியே திரும்பி, முட்புதரைத் தாண்டி, வறண்ட ஆற்றின் வளைவில் போய் நின்றது. சற்று முன்னால்தான் கூட்டம் அந்த ஆற்றைக் கடந்து வந்திருந்தது. வெறும் மணல்.

மலையாத்தா தழும்பை மணலோடு வைத்து மோந்தது. ஓர் இடத்தில் நிறுத்தியது. முன்காலால் தோண்ட ஆரம்பித்தது. மேல் மணல் சுட்டது. அடுத்த மணல் குளிர்ந்தது. அதற்கும் கீழே மணல் கறுத்தது. பிறகு, சத்தமே இல்லாமல், குழியின் அடியில் தண்ணீர் ஊறி வந்தது. அதில் வானம் தெரிந்தது!

சடையனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. யாரும் பார்க்காத தண்ணீரை, மண்ணுக்குள் கிடந்த தண்ணீரை, அறுபட்ட ஒரு துதிக்கை கண்டுபிடித்துவிட்டது. தான் 'ஆகாது' என்று கட்டிவைத்திருந்த துதிக்கை. வைத்தியர் என்பதையெல்லாம் மறந்து, சடையன் வாயைப் பிளந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

செவந்தி ஓடிப்போய் துதிக்கை நிறையத் தண்ணீரை எடுத்துவந்து குட்டியின் வாயில் விட்டது. மொட்டு விழுங்கியது. மறுபடி விழுங்கியது. கொஞ்ச நேரத்தில் தள்ளாடி எழுந்து நின்றது. அதன் பிறகு ஒவ்வொருவராகக் குடித்தார்கள். மலையாத்தா கடைசியாக முட்டி போட்டு, வாயாலேயே, ஆசைதீரக் குடித்தது. இப்போது பார்க்கும்போது அது சடையனுக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை.

"நான் அதைக் கைன்னு நினைச்சுட்டேன் ஆத்தா" என்றது சடையன். "எடுக்க முடியுதா, பிடிக்க முடியுதான்னு மட்டும்தான் பாத்தேன்."

"உங்களுக்குக் கைதானே எல்லாம். எனக்கு அது முதல்ல மூக்கு, வைத்தியரே."

"அப்போ உங்களுக்குக் குறையே இல்லையா?"

"ஏன் இல்லை? முன்னே மாதிரி மண்ணை அள்ளி முதுகுல போட முடியலை. உண்ணி பிடுங்கி எடுக்குது. நின்னாலும் நிம்மதி இல்லை, படுத்தாலும் நிம்மதி இல்லை. அதை யாரு கேட்டா?"

சடையன் உடனே மலையாத்தாவின் முதுகில் ஏறியது. ஐயோ, மடிப்புக்கு மடிப்பு உண்ணி! நெல்லிக்காய் பிடிக்கும் அதே விரல்களால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டது. பிறகு இறங்கி, ஈரமணலை அள்ளி அள்ளிக் கொண்டுபோய் முதுகு முழுக்கப் பூசியது. சின்னக் கை, பெரிய முதுகு. பொழுது சாயும்வரை வேலை இருந்தது. மலையாத்தா கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது.

எல்லாம் முடிந்ததும் சடையனுக்குப் பசித்தது. மூட்டையில் தின்ன வேறு ஒன்றும் இல்லை, அந்தச் சோதனை நெல்லிக்காய் மட்டும் கிடந்தது. அதை வாயில் போட்டு நன்றாக மென்று தின்றுவிட்டு, குழித் தண்ணீரைக் கை நிறைய அள்ளிக் குடித்தது. தண்ணீர் தித்தித்தது.

மறுநாள் மலையாத்தா முன்னால் நடந்தது. அதற்குப் பிறகு சடையனிடம் யார் போனாலும் காயும் இல்லை, பாறையும் இல்லை. "உனக்கு எது முடியலை?" என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை பொறுமையாகக் காத்திருக்கும்.

ஒருவருடைய குறை எது என்பதை, அந்த உடம்போடு வாழ்கிறவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதே வைத்தியத்தில் முதல் வேலை.