ஆற்றில் அறுத்த நரம்பு

மாதம்மாளிடம் சீடராக வந்தவர்களில் நாச்சிமுத்து ஒருவர்தான் அவளைவிட மூத்தவர். அவருக்கு அறுபது நெருங்கியிருந்தது. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். காவிரியை மலைகள் இருபுறமும் நெருக்கும் இடத்தில் அவளுடைய குடிசை இருந்தது. அவள் பிறந்தது மீன்பிடிக்கும் குடும்பத்தில்.

ஒரு நாள் காலையில் அவர் கேட்டார்.

“அம்மா, உறுதிக்கும் பிடிவாதத்துக்கும் என்னங்க வித்தியாசம்?”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“ஒரு வண்டித்தடத்துக்காகத் தம்பிமேல வழக்குப் போட்டேன். பதினேழு வருசம் விடலைங்க. உறுதியான ஆளுன்னு ஊரே சொல்லுச்சு. ஜெயிச்சேன். அந்த மாசமே அவன் செத்துட்டான். நான் ஜெயிச்ச தடத்து வழியாத்தான் அவனைத் தூக்கிட்டுப் போனாங்க. தோள் கொடுக்கப் போனேன். வேண்டாம்னு தள்ளி விட்டுட்டாங்க.”

மாதம்மாள் எழுந்தாள். உள்ளே போய், தூண்டில் நரம்பும் நாலைந்து முள்ளும் ஒரு சிறு கத்தியும் கொண்டு வந்தாள். இரைக்குக் கேழ்வரகு மாவை ஒரு துணியில் முடிந்து கொடுத்தாள்.

“மேலாத்துக்குத் தனியாப் போயிட்டு வாங்க. முழங்கை நீளத்துக்கு ஒரு கெண்டை வேணும்.”

“கிடைக்கலைன்னா?”

“போய்ப் பாருங்க.”

அரை நாள் நடந்து போனார். வெறுங்கையோடு திரும்புவதில்லை என்று வழியிலேயே முடிவு செய்துகொண்டார். அப்படி முடிவு செய்வது அவருக்குப் பழகிய வேலை.

முதல் நாள் இரண்டு மீன் விழுந்தன. கயிற்றில் கோத்துத் தண்ணீரிலேயே கட்டி வைத்தார். திரும்பிப் பார்ப்பதற்குள் நீர்நாய்க் கூட்டம் ஒன்று வந்து தின்றுகொண்டிருந்தது. கை வலிக்கும்வரை கல்லெறிந்தார். அவை எட்டாத தூரத்துக்கு நீந்திப் போய், பாறைமேல் ஏறி, அவரைப் பார்த்தபடியே மிச்சத்தைத் தின்றன.

மறுநாள் இன்னும் மேலே போனார். நல்ல மடு ஒன்று கண்ணில் பட்டது. அதன் மணல் திட்டில் ஒரு முதலை வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தது. அது போகட்டும் என்று உட்கார்ந்தார். உச்சி வெயில் வந்தது, முதலை அசையவில்லை. பொழுது சாய்ந்தது, அவரும் அசையவில்லை. அன்று தூண்டில் நனையவே இல்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் மடுவை விட்டு விலகி, ஆறு ஒடுங்கி ஓடும் ஓர் இடத்தில் பாறைமேல் நின்று வீசினார். வெயில் ஏறும் நேரத்தில் நரம்பு விண்ணென்று இழுத்தது. பெரிய மீன். ஆற்றின் அந்தக் கரைவரைக்கும் ஓடியது. அவர் நரம்பை இடது கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. விடவில்லை.

எதிர்க்கரையில் மூங்கில் முறிந்தது. ஒரு பெண்யானை இறங்கி வந்தது. அதன் காலடியில் குட்டி. வந்த வேகத்தில் குட்டி தண்ணீருக்குள் ஓடியது. நரம்பு அதன் மார்பளவில் ஆற்றின் குறுக்கே விறைத்து நின்றது.

குட்டி ஓரடி வைத்தது. நரம்பு அதன் மார்பில் பட்டது. அது மிரண்டு பிளிறியது. தாய் காதை விரித்துக்கொண்டு, நரம்பு வந்த வழியே பார்வையை ஓட்டி, அவரைக் கண்டுபிடித்தது.

நாச்சிமுத்துவின் மனசு சொன்னது: இன்னும் நாலு இழுப்பு. மீன் களைத்துவிட்டது. விடாதே.

அந்தக் குரல் அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல். பதினேழு வருசம் கேட்ட குரல்.

கத்தியை எடுத்து அறுத்தார்.

நரம்பு தொய்ந்து தண்ணீரோடு போனது. குட்டி தாயின் வயிற்றுக்கடியில் நுழைந்துகொண்டது. தாய் வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, குட்டியை முன்னால் விட்டுக் கரையேறிப் போனது.

அவர் பாறையில் உட்கார்ந்தார்.  கிழிந்த இடது கையைக் கழுவித் துணியால் சுற்றினார். மிச்சமிருந்த நரம்பில் முள் கட்டி, மாவு உருட்டி வைத்து, மறுபடி வீசினார்.

நாலாம் நாள் சாயங்காலம் குடிசைக்குத் திரும்பினார். கையில் ஒரு கெண்டை இருந்தது. சாண் நீளம்கூடத் தேறாது.

“நான் கேட்டது முழங்கை நீளம்,” என்றாள் மாதம்மாள்.

“அது விழுந்துச்சுங்கம்மா. நான்தான் அறுத்து விட்டேன்.” யானை வந்ததைச் சொன்னார். நீர்நாயையும் முதலையையும் சொன்னார். எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

அவள் கேட்டுக்கொண்டே மீனின் செதிலை உரசினாள்.

“அறுத்ததும் திரும்பி வந்திருக்கலாமே. யானை வந்துட்டுதுன்னா நான் என்ன சொல்லப்போறேன்?”

“இன்னும் முள் இருந்துச்சுங்களே.”

அவள் தலையசைத்தாள். மீனைக் கழுவி வைத்தாள். அவர் கேட்டார்.

“நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலைங்கம்மா.”

“நரம்பை அறுத்தது எந்தக் கை?”

“வலது கைங்க.”

“மறுபடி முள்ளைக் கட்டினது?”

“அதே கைதாங்க,” என்றார் நாச்சிமுத்து. விடாமல் பிடித்த இடது கையில் துணி சுற்றியிருந்தது. அதை மடியில் வைத்துவிட்டு, வலது கையை விரித்துப் பார்த்தார்.