ஏழு தையல் நேரம்

"போன தடவை முழுசா நாப்பது நிமிஷம் பேசினேன் டாக்டரம்மா. மறுபடியும் வந்து கெடக்கான். நான் வேலையை விட்டுருதேன்" என்றார் தாணு.

அவசரப் பிரிவுக்குக் குடித்து அடிபட்டு வருகிறவர்களிடம் பேசித் திருத்துவது அவர் வேலை. வயது ஐம்பத்தெட்டு. அவர் வாயைத் திறந்தால் சுவர்ப்பல்லி குடியை விட்டுவிடும். மனிதர்கள்தான் விட்டபாடில்லை.

கட்டிலில் கிடந்தவன் வெள்ளையடிக்கும் மாசானம். உயரச் சுவர்களில் கயிறு கட்டித் தொங்கும் பலகையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். குடித்துவிட்டு ஏறி விழுந்தது இது மூன்றாம் முறை. இந்த முறை நெற்றியோடு போயிற்று. அடுத்த முறை நேரே சுடுகாடுதான்.

டாக்டர் பல்கீஸுக்கு முப்பத்தொரு வயது. ஊசியில் நூல் கோத்தாள்.

"ஏழு தையல் போடணும். நமக்கு அவ்வளவுதான் நேரம்."

"அதுக்குள்ள என்னத்தம்மா பேச?"

அவள் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து அவர் வாயில் ஒட்டினாள்.

மாசானம் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். "சாருக்கு வாயில என்ன காயம்?"

"பேசிப் பேசிக் கிழிஞ்சிட்டு."

முதல் தையல்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் பல்கீஸ்.

"கேளுங்க. எந்திரிச்சு ஓடவா முடியும்?"

"வெளிய நிக்காங்களே, உங்க வீட்டுக்காரம்மா. அவங்க உள்ளங்கை ரெண்டும் எப்படி உரிஞ்சுது?"



இரண்டு. மூன்று.

தாணுவின் வாய்க்குள் நாற்பது நிமிடப் பேச்சும் முட்டிமோதியது. பிளாஸ்திரி பலூன்போல் புடைத்தது. பல்கீஸ் முழங்கையால் அதை ஒரு அழுத்து அழுத்திவிட்டு நான்காவதைக் குத்தினாள்.

"கீழ கயிறு பிடிச்சது அவதான்" என்றான் மாசானம். "நான் விழுறப்போ விடல."

ஐந்து. ஆறு.

"வேலைக்குப் போற நாள்ல குடியைத் தொடக்கூடாதுன்னு நானும் நெனைக்கத்தான் செய்யேன்." அதை மேலே சுற்றிய மின்விசிறியிடம் சொன்னான்.

ஏழாவது முடிச்சு விழுந்தது.

பல்கீஸ் பிளாஸ்திரியைப் பிய்த்தாள். பாதி மீசை கூடவே வந்தது.

மாசானம் கண்ணை இறுக மூடிக்கொண்டான், இன்னொரு நாற்பது நிமிடத்துக்குத் தயாராக.

தாணு மீதி மீசையைத் தடவினார். தொண்டையைச் செருமினார்.

"எந்த நாள்லேருந்து வே?"

கேட்டுவிட்டு, பல்கீஸ் கையிலிருந்த பிளாஸ்திரியை வாங்கித் தன் வாயில் தானே ஒட்டிக்கொண்டார்.