மூன்று துறை, ஒரு குளம்

வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணை வைத்திருந்த தாமோதரன், வேலை கேட்டு வந்த நஸீமாவின் சான்றிதழைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒருங்கிணைந்த அறிவியலா? எல்லாத்துலயும் ஒரு கரண்டி. என்கிட்ட ஒவ்வொண்ணுக்கும் தனி ஆள் இருக்கும்மா. என் இறால் ஏன் சாகுதுன்னு இவங்களுக்கே தெரியல. நீ இங்கேயே நின்னு சொல்லிடு, வேலை தரேன்."

நஸீமா அங்கிருந்த மூவரிடமும் ஆளுக்கொரு கேள்வி கேட்டாள்.

தண்ணீர் சோதிப்பவர், "மத்தியானம்தான் எடுப்பேன். ஆக்சிஜன் நல்லாவே இருக்கு" என்றார்.

நோய் பார்ப்பவர், "நோய் எதுவும் இல்லை. விடியறதுக்குள்ள செத்துக் கிடக்குது" என்றார்.

மின்சாரம் பார்ப்பவர் தயங்கினார். "குளத்துத் தண்ணிக்குள்ள காத்து அடிக்கிற மெஷினை ராத்திரியில நிறுத்திடுவோம். கரண்டுச் செலவுன்னு முதலாளிதான் சொன்னாரு."

"பகல்ல பாசி ஆக்சிஜன் தருது சார். ராத்திரி அதுவும் இறாலோட சேர்ந்து ஆக்சிஜனை இழுக்குது, விடியறதுக்குள்ள தீர்ந்துடுது. அப்பத்தான் மெஷின் ஓடணும்" என்றாள் நஸீமா.

தாமோதரனின் முகம் சுருங்கியது. "சரி, உன்னை எந்தத் துறையில போடுறது?"

"மூணு பேரும் சரியாத்தான் பார்த்திருக்காங்க. ஒருத்தர் பார்த்ததை இன்னொருத்தரோட சேர்த்துப் பார்க்கத்தான் இங்க ஆளில்லை. அந்த வேலைக்குத்தான் சார் படிச்சிருக்கேன்."

"நாளைக்கே வந்துடு" என்றார் தாமோதரன்.

அதற்குள் தண்ணீர் சோதிப்பவர் எழுந்து, தன் பக்கத்தில் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டிருந்தார். நஸீமா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.